சரக்குப் பெட்டகத் தரப்படுத்தல்: அளவு, பொருத்தி, எண்

ஆய்வுச் சுருக்கம்

உலகக் கடல்வழி வணிகத்தை மாற்றியமைத்த பொருள்களுள் எஃகுச் சரக்குப் பெட்டகம் முதன்மையானதாகக் கருதப்படுகிறது. ஆயினும், பெட்டகத்தில் சரக்கை அடைத்து அனுப்பும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னரே இருந்தது. அவ்வழக்கம் ஏன் முன்பு பெருமாற்றத்தை விளைவிக்கவில்லை, பின்பு ஏன் விளைவித்தது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அளவு, மூலைப் பொருத்தி, அடையாள எண் ஆகிய மூன்றிலும் 1958 முதல் 1970 வரையிலும் அதன் பின்னரும் எட்டப்பட்ட பொது உடன்பாடுகளே மாற்றத்தின் அடிப்படை என்பதையும், அவ்வுடன்பாடுகளின் பயனும் இழப்பும் சமமாகப் பகிரப்படவில்லை என்பதையும் இது விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சரக்குப் பெட்டகம், கொள்கலன், தரப்படுத்தல், மூலைப் பொருத்தி, துறைமுகத் தொழிலாளர், உதிரிச் சரக்கு.

முன்னுரை

திருப்பூரில் தைக்கப்படும் பின்னலாடை அட்டைப்பெட்டிகளில் அடைக்கப்பட்டு, ஓர் எஃகுப் பெட்டகத்துள் ஏற்றப்பட்டு, முத்திரையிடப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைகிறது. அங்கிருந்து சிறிய கப்பலில் கொழும்புக்குச் சென்று, பெருங்கப்பலுக்கு மாற்றப்பட்டு, ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, மீண்டும் சாலையிலோ இருப்புப்பாதையிலோ பயணம் செய்கிறது. வண்டியும் கப்பலும் பாரந்தூக்கியும் பலமுறை மாறுகின்றன. ஆனால், வழியில் சுங்கச் சோதனை நேர்ந்தாலன்றி உள்ளிருக்கும் சரக்கை எவரும் தொடுவதில்லை. ஒருவரையொருவர் அறியாத நாடுகளின் எந்திரங்கள் அப்பெட்டகத்தைப் பற்றித் தூக்க முடிவது எவ்வாறு என்பதே இங்கு எழும் அடிப்படை வினா.

இப்பொருளைக் குறிக்கத் தமிழில் இரு சொற்கள் நிலைபெற்றுள்ளன. தமிழ்நாட்டு இதழ்கள் ‘சரக்குப் பெட்டகம்’ என்றும், இலங்கை, சிங்கப்பூர் இதழ்கள் பெரும்பாலும் ‘கொள்கலன்’ என்றும் எழுதுகின்றன. பேச்சிலோ ‘கன்டெய்னர்’ என்பதே வழக்கு. கொள்கலன் என்பது எதனையும் கொள்ளும் கலம் எனப் பொதுப்பொருள் தருவதால், குறிப்பிட்ட அளவும் வடிவமும் உடைய இப்பொருளுக்குப் ‘பெட்டகம்’ என்னும் சொல்லையே இக்கட்டுரை ஆள்கிறது.

உதிரிச் சரக்கும் அதன் செலவும்

பெட்டக முறைக்கு முன்னர் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, சிப்பம் என ஒவ்வொன்றும் தனித்தனியே கப்பலில் ஏற்றப்பட்டது. இவ்வாறு ஏற்றப்படுவதை உதிரிச் சரக்கு எனலாம். இதன் செலவு எங்கே குவிந்திருந்தது என்பதை ‘வாரியர்’ என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பலின் 1954ஆம் ஆண்டுப் பயணம் பற்றிய ஆய்வு துல்லியமாகக் காட்டுகிறது. நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாவனுக்குச் சென்ற அக்கப்பலில் ஏறத்தாழ 5,000 டன் சரக்கு இருந்தது. அது 1,94,582 தனித்தனி உருப்படிகளாக ஏற்றப்பட்டது. கடற்பயணம் பத்தரை நாளில் முடிந்தது. ஏற்றுவதற்கு ஆறு நாளும், இரவுபகலாக உழைத்தும் இறக்குவதற்கு நான்கு நாளும் ஆயின. சரக்கு அசையாதிருக்க இட்ட மரத்துக்கும் கயிற்றுக்கும் மட்டும் 5,000 டாலருக்கு மேல் செலவாயிற்று. மொத்தச் செலவான 2,37,577 டாலரில் கடற்பயணத்தின் பங்கு 11.5 விழுக்காடே. இரு துறைமுகங்களிலும் கையாளுவதற்கான பங்கு 36.8 விழுக்காடு.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. கப்பலை விரைவாகச் செலுத்துவதால் கிட்டும் சிக்கனம் சிறிது. கரைக்கும் கப்பலுக்கும் இடையிலுள்ள சில கெச தூரத்தில்தான் பணமும் காலமும் கரைந்தன. உருப்படிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே அதற்கு மாற்று.

பெட்டகத்தின் முன்வரலாறு

உருப்படிகளை ஒரு பெட்டிக்குள் அடைக்கலாம் என்னும் எண்ணம் புதிதன்று. இங்கிலாந்தில் நிலக்கரியைக் கழற்றி மாட்டும் பெட்டிகளில் ஏற்றும் முறை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்க இருப்புப்பாதை நிறுவனங்கள் பலவகைப் பெட்டகங்களைப் பயன்படுத்தின. இவற்றை ஒழுங்குபடுத்தப் பாரிசில் பன்னாட்டுப் பெட்டகப் பணியகம் 1933இல் நிறுவப்பட்டது. பெட்டகங்களை ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட ‘கிளிஃபோர்ட் ஜே. ரோஜர்ஸ்’ என்னும் கப்பல் 1955இல் கனடாவின் வான்கூவருக்கும் அலாஸ்காவின் ஸ்காக்வேக்கும் இடையே ஓடத் தொடங்கிவிட்டது.

எனவே, வட கரோலினாவைச் சேர்ந்த லாரிப் போக்குவரத்துத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் பெட்டகத்தைக் கண்டுபிடித்தார் என்பது பொருந்தாது. அவர் செய்தது வேறு. லாரியின் உடலைச் சக்கரங்களிலிருந்து பிரித்துக் கப்பலில் வைத்து, மறுகரையில் வேறு சக்கரங்களின்மேல் இருத்துவது என்னும் முழுமையான முறையை அவர் அமைத்தார். அவருடைய நிறுவனத்தின் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் திருத்தியமைக்கப்பட்ட எண்ணெய்க் கப்பல் 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டகங்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. அவ்வாண்டில் உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் செலவாக, இக்கப்பலில் அது 16 சென்டுக்கும் குறைவாக இருந்ததாகக் கணக்கிடப்பட்டது.

இத்துணைச் சிக்கனம் கண்டும் பெட்டக முறை உடனே உலகெங்கும் பரவவில்லை. ஏனெனில், ஒரு நிறுவனத்தின் பெட்டகம் இன்னொரு நிறுவனத்தின் கப்பலில் பொருந்தவில்லை. மெக்லீனின் முதற்பெட்டகங்கள் 33 அடி நீளமுடையவை. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைச் சாலைகள் அனுமதித்த நீளத்தைக் கருதி அவர் விரைவில் 35 அடிக்கு மாறினார். பசிபிக் கரையில் ஹவாய்த் தீவுகளுடன் வணிகம் செய்த மேட்சன் நிறுவனமோ தன் சரக்கின் இயல்பை ஆராய்ந்து 24 அடியைத் தேர்ந்தது. ஒவ்வோர் அளவும் அதனதன் இடத்தில் ஏற்புடையதே. அனைத்தும் சேர்ந்தபோதுதான் குழப்பம் விளைந்தது.

அளவு பற்றிய உடன்பாடு

அமெரிக்கத் தரநிலைச் சங்கம் இதற்கெனக் குழு ஒன்றை 1958இல் அமைத்தது. அகலம் 8 அடி என்பதில் பெரும் பூசல் எழவில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சாலைச் சட்டங்கள் வண்டிகளுக்கு அனுமதித்த உச்ச அகலம் அதுவாகவே இருந்தது. உயரமும் 8 அடி எனக் கொள்ளப்பட்டது. நீளத்தில்தான் முரண்பாடு நிலவியது. இறுதியில் 10, 20, 30, 40 அடி என்னும் வரிசை 1961 ஏப்ரலில் ஏற்கப்பட்டது. அப்போது பெருமளவில் பெட்டகக் கப்பல்களை இயக்கிக்கொண்டிருந்த இரு நிறுவனங்களின் 35 அடியும் 24 அடியும் இவ்வரிசையில் இடம்பெறவில்லை. முறையைத் தொடங்கியவர்களின் அளவையே முறை ஏற்காமற்போனது இவ்வரலாற்றின் முரண். ஐ.எஸ்.ஓ. எனப்படும் பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பு 1961இல் தன் 104ஆம் தொழில்நுட்பக் குழுவைத் தொடங்கியது. பெட்டக அளவுகள் பற்றிய அதன் பரிந்துரை 1968இல் வெளிவந்தது.

இவ்வரிசை வெறும் முழு எண்களின் அடுக்கன்று. ‘20 அடி’ எனப்படும் பெட்டகத்தின் மெய்யான நீளம் 6.058 மீட்டர், அதாவது 20 அடிக்கு ஒன்றரை அங்குலம் குறைவு. 40 அடிப் பெட்டகத்தின் நீளம் 12.192 மீட்டர். இரண்டு 20 அடிப் பெட்டகங்களைத் தம்முள் 7.6 சென்டிமீட்டர் இடைவெளியுடன் வைத்தால் சரியாக 12.192 மீட்டர் ஆகிறது. 30 அடிப் பெட்டகமும் (9.125 மீட்டர்) 10 அடிப் பெட்டகமும் (2.991 மீட்டர்) அதே இடைவெளியுடன் அதே கூட்டுத்தொகையைத் தருகின்றன. நான்கு 10 அடிப் பெட்டகங்கள் மூன்று இடைவெளிகளுடன் வைக்கப்படினும் அதே விளைவே. சிறியவை சேர்ந்து பெரியதன் இடத்தை நிரப்ப வேண்டும். நிரப்பிய பின்னும் ஒன்றோடொன்று இடிக்காமல் பூட்டுப் போட இடம் வேண்டும். இவ்விரு தேவைகளையும் அந்த ஒன்றரை அங்குலக் குறைப்பு நிறைவு செய்கிறது. பின்னாளில் 10 அடியும் 30 அடியும் வழக்கில் அருகின. 20 அடி, துறைமுகங்களின் கொள்திறனை அளக்கும் அலகாகவே நிலைத்தது.

உயரம் மட்டும் உடன்பாட்டுக்குப் பின்னும் நகர்ந்தது. 8 அடி என்பது 8 அடி 6 அங்குலமாகி, இன்று 9 அடி 6 அங்குலம் உடைய பெட்டகங்களும் மிகுதியாகப் புழங்குகின்றன. உயரம் மாறினாலும் பாரந்தூக்கியின் பிடியும் வண்டியின் தளமும் மாற வேண்டியதில்லை என்பதே இதற்குக் காரணம். எந்த அளவு பிற எந்திரங்களோடு பிணைந்துள்ளதோ அது இறுகிவிடுகிறது. பிணையாத அளவு நெகிழ்கிறது. இதனைத் தரப்படுத்தலின் பொதுவிதியாகவே கொள்ளலாம்.

மூலைப் பொருத்தி

பெட்டகத்தின் வலிமை அதன் சுவரில் இல்லை. நெளிவுத் தகட்டாலான சுவர் நிமிர்ந்த பாரத்தைப் பெரிதும் சுமப்பதில்லை. நான்கு மூலைத்தூண்களே மேலடுக்குகளின் எடையைக் கீழே கடத்துகின்றன. 24 டன் எடையுள்ள எட்டுப் பெட்டகங்கள் தன்மேல் அடுக்கப்பட்டாலும் அடியிலுள்ளது தாங்க வேண்டும் என்னும் கணக்கில், 192 டன் என்பது அடுக்குச் சோதனைக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. தூண்களின் மேல்முனையிலும் கீழ்முனையிலுமாக எட்டு வார்ப்பு எஃகுப் பொருத்திகள் உள்ளன. அவற்றின் நீள்துளையில் கூம்பு வடிவத் தலையுடைய பூட்டொன்று நுழைந்து, 90 பாகை திரும்பிக் கவ்விக்கொள்கிறது. பாரந்தூக்கி பெட்டகத்தைத் தூக்குவதும், வண்டித்தளம் அதைப் பிடித்துக்கொள்வதும், கப்பல் தளத்தில் ஒன்றன்மேல் ஒன்று பிணைவதும் இப்பொருத்திகளின் வழியே நிகழ்கின்றன.

இவ்வமைப்பை மெக்லீனின் நிறுவனத்துக்காக உருவாக்கியவர் பொறியாளர் கீத் டான்ட்லிங்கர். அதற்குக் காப்புரிமை இருந்தது. போட்டி நிறுவனத்தின் காப்புரிமைக்குக் கட்டணம் செலுத்தி அதைப் பொதுத்தரமாக ஏற்க எவரும் முன்வரவில்லை. 1963இல் அந்நிறுவனம் தன் உரிமையைக் கட்டணமின்றி விட்டுக்கொடுத்தது. அதனடிப்படையில் அமைந்த வடிவத்தை ஐ.எஸ்.ஓ. குழு 1965இல் ஹேக் நகரில் கூடி ஏற்றது. எனினும், உரிய சோதனைகளில் அவ்வடிவம் போதிய வலிமை காட்டாமையால் 1967இல் பொறியாளர்கள் அதைத் திருத்தி வலுப்படுத்தினர். மூலைப் பொருத்தி பற்றிய ஐ.எஸ்.ஓ. பரிந்துரை 1970இல் வெளிவந்தது. அளவு ஒன்றாயிருந்தும் பிடி வேறாயிருந்தால் பெட்டகம் ஒரே நிறுவனத்தின் எல்லைக்குள் அடங்கிப் போயிருக்கும். ஆகவே, அளவு பற்றிய உடன்பாட்டைக் காட்டிலும் பொருத்தி பற்றிய உடன்பாடே இன்றியமையாதது எனக் கருத இடமுண்டு.

அடையாள எண்

பெட்டகம் மூடப்பட்ட பின்னர் அதன் உள்ளடக்கத்தைக் கண்ணால் அறிய இயலாது. எழுத்தால் மட்டுமே அறியலாம். எனவே, பெட்டகத்தின் பெயரே அதன் இருப்பாகிறது. இன்றைய தரநிலைப்படி அது 11 குறிகளால் ஆனது. உரிமையாளரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் முதலிலும், வகையைக் குறிக்கும் ஓரெழுத்து அடுத்தும், பின்னர் ஆறு இலக்க வரிசை எண்ணும், இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் அமைகின்றன. உரிமையாளர் குறியீடுகளை முற்கூறிய பாரிசுப் பணியகமே பதிவு செய்கிறது.

சரிபார்ப்பு இலக்கத்தின் அமைப்பு எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்புகள் தரப்பட்டுள்ளன. இடையில் 11, 22, 33 ஆகியவை தவிர்க்கப்படுகின்றன. முதற்குறியின் மதிப்பு 1ஆலும், அடுத்தது 2ஆலும், அதற்கடுத்தது 4ஆலும் என இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கப்படுகிறது. பத்துப் பெருக்கங்களின் கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்தால் வரும் மீதியே இறுதி இலக்கம். மீதி 10 எனின் 0 எனக் கொள்ளப்படும். அத்தகைய வரிசை எண்களைத் தவிர்ப்பது நன்று என்பது அறிவுரை. வகுக்கும் எண் 11 ஆதலால், அதன் மடங்குகள் எழுத்துகளுக்கு மதிப்பாக வந்தால் அவ்வெழுத்து கூட்டுத்தொகையில் தடயமின்றி மறைந்துவிடும். அவை தவிர்க்கப்பட்டமைக்கு இதுவே காரணம். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம்மாறி எழுதப்பட்டால் இடத்தின் பெருக்கெண்ணும் மாறுவதால், பிழை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். மழையிலும் இருளிலும் எண்ணைப் படித்து எழுதும் துறைமுக எழுத்தரின் கைப்பிழையை முன்னறிந்து செய்யப்பட்ட ஏற்பாடு இது.

துறைமுகத் தொழிலாளரும் தரப்படுத்தலும்

தரநிலைக் குழுக்களின் விவாதப்பொருள் அளவும் வலிமையுமே. தொழிலாளர் வாழ்வு வேறு மேசையில் பேசப்பட்டது. ‘வாரியர்’ ஆய்வு செலவு எனக் காட்டிய 36.8 விழுக்காட்டில் பெரும்பகுதி துறைமுகத் தொழிலாளரின் கூலி என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பொருளியலாரின் கணக்கில் சிக்கனமாகத் தோன்றியது ஒரு குடும்பத்தின் கணக்கில் வருவாய் இழப்பாயிற்று.

இவ்விழப்பை எதிர்கொண்ட முறை இடத்துக்கு இடம் வேறுபட்டது. அமெரிக்கப் பசிபிக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான தொழிற்சங்கம் எந்திரமயத்தைத் தடுக்க இயலாதென உணர்ந்து, அதன் ஆதாயத்தில் பங்கு கேட்டது. 1960ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி முதலாளிகள் ஆண்டுக்கு 50 இலட்சம் டாலரை ஓய்வுக்கும் வருவாய்க் காப்புக்குமான நிதியில் செலுத்த இசைந்தனர். நியூயார்க்கில் பணிக்குழுவின் அளவு 20 பேரிலிருந்து 17 பேராகக் குறைக்கப்பட, அதற்கீடாக ஆண்டுக்கு 1,600 மணிநேர ஊதியம் உறுதி செய்யப்பட்டது. இலண்டனை அடுத்த டில்பரியில் தொழிற்சங்கம் 1968 முதல் 1970 வரை பெட்டகங்களைக் கையாளத் தடை விதித்தது. அந்த இடைவெளியில், அதுவரை பெரிதாக அறியப்படாத ஃபீலிக்ஸ்டோவ் துறைமுகம் வளர்ந்தது. இலண்டனின் கிழக்கிந்தியத் துறை 1967இலும், செயின்ட் கேத்தரின் துறை 1968இலும், இராயல் துறைகள் 1981இலும் மூடப்பட்டன.

இந்நிகழ்வுகளை ஒப்பிடும்போது ஒன்று புலனாகிறது. எங்கும் வேலை குறைந்தது. ஆனால் எங்கும் ஒரே வகையான துயரம் நேரவில்லை. மாற்றம் முழுமையடையும் முன்னரே ஈட்டுறுதி பெற்றவர்கள் ஓரளவு காக்கப்பட்டனர். தடையை மட்டும் நம்பிய இடத்தில் சரக்கு அடுத்த துறைமுகத்துக்குச் சென்றது. அவ்வாறு செல்ல வழிவகுத்ததும் தரப்படுத்தலே. எத்துறைமுகமும் எப்பெட்டகத்தையும் கையாளலாம் என்னும்போது எத்துறைமுகமும் தவிர்க்க இயலாததாக இருப்பதில்லை.

ஆசியக் கரைகளில்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் முனையத்துக்கு முதற்பெட்டகக் கப்பல் 1972 ஜூனில் வந்தது. இந்தியாவில் பெட்டகங்களுக்கென்றே அமைந்த முதல் முனையம் சென்னைத் துறைமுகத்தில் 1983இல் தொடங்கப்பட்டது. இந்நாடுகள் பெட்டக முறையை ஏற்றபோது அளவு பற்றிய விவாதம் முடிந்துபோயிருந்தது. அமெரிக்க மாநிலங்களின் 1950களின் சாலைச் சட்டத்துக்கு இயைந்த 8 அடி அகலமே தூத்துக்குடியின் பாரந்தூக்கிக்கும் கொழும்பின் கப்பல் அறைக்கும் அளவாக அமைந்தது. பின்வந்தோர் உருவாக்கச் செலவின்றி ஆயத்தமான முறையைப் பெற்றனர். அதை மாற்றும் வாய்ப்பைப் பெறவில்லை.

தரப்படுத்தலின் எல்லைகள்

முன்னரே இறுகிவிட்ட அளவு பின்னர் எழும் தேவைக்குப் பொருந்தாமற்போகலாம். பெட்டகத்தின் உள்ளகலம் ஏறத்தாழ 2.35 மீட்டர். ஐரோப்பாவில் பெருவழக்காக உள்ள, ‘பேலட்’ எனப்படும் சரக்குத் தட்டின் நீளம் 1.2 மீட்டர். இரு தட்டுகளை நீளவாட்டில் பக்கம் பக்கமாக வைக்க 2.4 மீட்டர் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர்க் குறைவால் ஒவ்வொரு பயணத்திலும் இடம் வீணாகிறது. இதற்கென அகலம் கூட்டிய பெட்டகங்கள் ஐரோப்பாவின் உள்வணிகத்தில் புழங்கினும், உலகளாவிய முறை அசையவில்லை.

இரண்டாவது எல்லை, பெட்டகத்தை நம்பும் நம்பிக்கை சார்ந்தது. அளவு ஒன்றாயிருப்பதால் எடையும் அறிவித்தபடியே இருக்கும் எனக் கொள்ளப்பட்டது. அறிவித்த எடைக்கும் உண்மை எடைக்கும் உள்ள வேறுபாடு கப்பலின் சமநிலையைக் குலைக்கக்கூடும். ஆகவே, எடை சரிபார்க்கப்படாத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றலாகாது என்னும் பன்னாட்டு விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெட்டகத்தின் கட்டமைப்புப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை 1972இலேயே ஏற்கப்பட்டிருந்தது. அதன் உள்ளடக்கத்தின் எடை குறித்த விதிக்கு மேலும் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயின.

மூன்றாவது எல்லை குவிதல். 58 பெட்டகங்களுடன் தொடங்கிய முறை, 20 அடி அலகில் 20,000க்கும் மேல் கொள்ளும் கப்பல்களாக வளர்ந்தது. அத்தகைய கப்பலை ஏற்கும் ஆழமும் பாரந்தூக்கியும் உள்ள துறைமுகங்கள் சிலவே. 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியபோது, ஆறு நாள்கள் கால்வாய் முழுதும் அடைபட்டது. பெட்டகத்தின் பொதுமை வழிகளைப் பெருக்கியது. கப்பலின் பெருமை அவ்வழிகளைச் சிலவாகக் குறுக்கியது.

முடிவுரை

சரக்குப் பெட்டகம் ஒரு கண்டுபிடிப்பு என்பதைவிட ஓர் உடன்பாடு என்பதே பொருத்தமானது. பெட்டி முன்னரே இருந்தது. அதன் அளவும் பிடியும் பெயரும் பொதுவானபோதுதான் அது உலகமெங்கும் செல்லும் தகுதி பெற்றது. முன்னோடி நிறுவனத்தின் அளவு ஏற்கப்படவில்லை. ஆனால், அது விட்டுக்கொடுத்த காப்புரிமையின் மீதே இன்றைய பொருத்தி நிற்கிறது. உடன்பாடு எட்டப்பட்ட காலத்தில் மேசையில் இருந்தோரின் சாலையும் சட்டமும் பிற்காலத்தார் அனைவர்க்கும் அளவாயின. அம்மேசையில் பேசப்படாத கூலிக்கணக்கு துறைமுக நகர்களின் தெருக்களில் தீர்க்கப்பட்டது.

இன்று மின்னணு ஆவணம், தானியங்கிப் பாரந்தூக்கி, தரவுப் பரிமாற்றம் ஆகியவற்றுக்குப் புதிய தரநிலைகள் வகுக்கப்பட்டு வருகின்றன. அவை இறுகிய பின்னர் மாற்றுவது அரிது என்பதைப் பெட்டகத்தின் 8 அடி அகலம் உணர்த்துகிறது. எனவே, தரநிலை உருவாகும் கட்டத்திலேயே அதில் பங்கு கொள்வதும், அதனால் வாழ்வு மாறவிருப்போரின் ஈட்டுறுதியை அக்கட்டத்திலேயே பேசி முடிப்பதும் தேவை. தமிழகக் கரையின் துறைமுகங்கள் பெட்டக முறைக்கு மாறிய காலத்தில் அங்குத் தொழிலாளர் வாழ்வு அடைந்த மாற்றத்தை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பது, இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த ஆய்வாக அமையும்.